குச்சிக் காலம்

டூசான், அரிசோனா
ஆகஸ்ட் 18, 1986

அன்புள்ள வெர்னா,

இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டு முறையும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. குப்பையில் போடுவதற்கு முன்னால் உறையைக் கிழித்துப் பார்க்கிற ஆசை உனக்கு வரும். அண்ணன் பெண்டாட்டியை எனக்குத் தெரியாதா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. கிளாக்கோமா. அறுவை, சொட்டு மருந்து எல்லாம் ஆகிவிட்டது. எனக்கு வைத்தியம் பார்க்கிற பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. போன வாரம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்த வசந்தத்துக்குள்ள முழுக்க இருட்டிடும் மேடம். பார்க்கணும்னு ஏதாவது இருந்தா இந்த வருஷமே பார்த்துடுங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே கள்ளி. கள்ளிக்குப் பின்னால் இன்னொரு கள்ளி. அண்ணன் மெரில் செத்த மறுவருஷம் இங்கே ஓடி வந்ததிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்டோபரில் வெர்மாண்ட் மலைகள். மேப்பிள் மரம் பற்றிக்கொண்டு எரிகிற அந்த ஒரு வாரம்.

மூன்று நாள் போதும். முதல் நாள் ஏரிச் சாலை. இரண்டாம் நாள் கணவாய் வழியாக மேற்கே. மூன்றாம் நாள் கோல்பி மலையில் ஏறவேண்டும். ஆமாம், அதே கோல்பி மலைதான். பல்லைக் கடிக்காதே.

என்னால் வண்டி ஓட்ட முடியாது. நீதான் ஓட்டவேண்டும். எந்த வாரம் வரவேண்டும் என்பதையும் நீதான் சொல்லவேண்டும். அங்கே இலை எப்போது உச்சத்துக்கு வரும் என்று இங்கே யாருக்குத் தெரியும்? உனக்குச் சமையலறை ஜன்னல் திரையை விலக்கினால் போதும்.

கேட்பதற்கு எனக்கு வேறு யாரும் இல்லை. அது உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன்
ஆர்டித்


ஈஸ்ட் பெல்மோர், வெர்மாண்ட்
ஆகஸ்ட் 27

ஆர்டித்,

கடிதம் வந்தது. கண் விஷயம் கேட்டு வருந்துகிறேன்.

வா. பின்பக்க அறை காலியாக இருக்கிறது. வண்டி ஓடுகிற நிலையில் இருக்கிறது. மூன்று நாளும் நான் ஓட்டுகிறேன்.

இலை எப்போது என்று நான் எழுதுவேன். எழுதும் வரை விமான டிக்கெட் வாங்காதே. இங்கே ஒரு காற்று, ஒரு மழை போதும், எல்லாம் மாறிவிடும். காத்திருக்க உனக்கு வராது என்பது எனக்குத் தெரியும். இந்தத் தடவை காத்திருந்து பழகு.

வெர்னா


டூசான்
செப்டம்பர் 5

அன்புள்ள வெர்னா,

"வா" என்று நீ எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏதோ பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய், கண் போகிறவளுக்கு என்ன கரிசனம்! பக்கத்து வீட்டு மிஸஸ் ஒச்சோவாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். அவர் சொன்னார்: "உங்க அண்ணி ரொம்ப நல்லவங்களா இருக்கணும்." நான் மறுக்கவில்லை. பாவம், அவருக்கு எதற்கு அந்தக் கஷ்டம்.

இப்போது திட்டம். எனக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், அதனால் கறாராக இருப்பேன், பொறுத்துக்கொள்.

ஏரிச் சாலையில் காலையில்தான் போகவேண்டும். மூடுபனி தண்ணீரை விட்டு எழுந்திருக்கும் நேரம். தெற்கிலிருந்து வடக்கே போ, எதிர்த்திசை வேண்டாம். அப்போதுதான் திருப்பம் திரும்பியதும் இரண்டு பாறைச் சுவரும் ஒரேயடியாக முகத்தில் வந்து மோதும். நடுவில் எங்கேயும் நிறுத்தி, "அதோ அந்தக் கொட்டகையை வாங்கினவன் யார் தெரியுமா" என்று ஆரம்பிக்காதே. வம்பு எல்லாம் சாயங்காலம் பேசலாம். கணவாய்ச் சாலையில் பாறைகளுக்கு நடுவே வண்டி நெளிந்து போகுமே, அங்கே மெதுவாகப் போ. நீ ஓட்டினால் மெதுவாகத்தான் போகும், தெரியும். மெரில் சொல்வான்: "வெர்னா ஓட்டினா நத்தை ஹார்ன் அடிச்சு வழி கேட்கும்."

சாப்பாட்டுக்குச் சிரமப்படாதே. ஆப்பிள் பை, பக்கத்தில் ஒரு துண்டு செடார் சீஸ். வழியில் எங்காவது சூடாக சைடர் டோநட். இங்கே டோநட் என்ற பெயரில் பஞ்சு விற்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஒன்பது வருஷமாக நீ மனதில் வைத்திருப்பதை நான் வாயால் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மூன்று நாளும் நிம்மதியாக இருக்கலாம். நான் மெரிலைக் கொல்லவில்லை. கோல்பி மலையில் பாதி வழியில் அவன் ஒரு பாறையில் உட்கார்ந்தான். "நீ போ, வெளிச்சம் போறதுக்குள்ள உச்சிக்குப் போய்ப் பாரு, நான் இங்கியே இருக்கேன்" என்றான். நான் போனேன். திரும்பி வந்தபோது அவன் உயிரோடு இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

எந்த வாரம் என்று சீக்கிரம் எழுது.

உன்
ஆர்டித்


ஈஸ்ட் பெல்மோர்
செப்டம்பர் 18

ஆர்டித்,

எல்லாம் இன்னும் பச்சை. ஆகஸ்ட் முழுக்க மழை. மரங்களுக்கு அவசரம் இல்லை.

ஏரிச் சாலை தெற்கிலிருந்து வடக்கே, சரி. கணவாய், சரி. கோல்பி மலையில் கீழே இருந்து பாறை வரை பாதை நன்றாக இருக்கிறது. அங்கங்கே மரத்தில் நீல வண்ணத்தில் குறி புதிதாக அடித்திருக்கிறார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று போட்டுக்கொள்ளவேண்டும், வேட்டைக்காரர்கள் சுற்றுகிற நேரம்.

மெரில் பேச்சை எடுக்காதே. எடுத்தால் வழியிலேயே இறக்கிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விடுவேன்.

வெர்னா


டூசான்
செப்டம்பர் 29

அன்புள்ள வெர்னா,

மிஸஸ் ஒச்சோவா செய்தித்தாள் படித்துக் காட்டினார். வடக்கே இந்த வருஷம் இரவுக் குளிர் முன்னதாக வந்துவிட்டதாம். இலை சீக்கிரம் சிவக்கிறதாம். கனெக்டிகட்டிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வண்டிகள் கிளம்பிவிட்டனவாம். இது உண்மையா? உன் ஜன்னலில் என்ன தெரிகிறது? என் பெட்டி கட்டி முடித்துக் கதவோரம் நிற்கிறது. தினமும் அதில் இடித்துக்கொள்கிறேன்.

ஒரு வார்த்தை எழுது. பச்சை, மஞ்சள், சிவப்பு. ஏதோ ஒன்று.

ஆர்டித்


ஈஸ்ட் பெல்மோர்
அக்டோபர் 4

ஆர்டித்,

செய்தித்தாள்காரன் பாஸ்டனில் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறான். நான் இங்கே ஜன்னலில் நிற்கிறேன். பாதிக்கு மேல் பச்சை. தாழ்வான சதுப்புகளில் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். வந்த வண்டிகளெல்லாம் ஏமாந்து திரும்புகின்றன.

டாக்டர் வசந்தம் என்றுதானே சொன்னார்? ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் கண் ஓடிவிடாது.

வெர்னா


டூசான்
அக்டோபர் 9

வெர்னா,

டாக்டர் வசந்தம் என்றார். கண்ணுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இந்த ஒரு மாதத்தில் நிறையப் போய்விட்டது. நேற்றுக் கதவு நிலையில் மோதி நெற்றி வெடித்துவிட்டது. மிஸஸ் ஒச்சோவா மூன்று தையல் போட அழைத்துப் போனார்.

உன்னிடம் எதற்கும் கெஞ்சமாட்டேன் என்று ஒரு காலத்தில் சபதம் போட்டிருந்தேன். இப்போது கெஞ்சுகிறேன். நாள் சொல்.

ஆர்டித்


ஈஸ்ட் பெல்மோர்
அக்டோபர் 14

ஆர்டித்,

22ஆம் தேதி வா. மூன்று நாளும் உச்சம். இந்த ஊரில் அறுபது வருஷமாக இப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. பர்லிங்டன் விமான நிலையத்தில் நிற்கிறேன். கம்பளி உடுப்பு எடுத்து வா.

வெர்னா


டூசான்
நவம்பர் 6

வெர்னா,

விருந்துக்குப் போய் வந்தால் நன்றிக் கடிதம் எழுதவேண்டும் என்று என் அம்மா எங்களை வளர்த்தாள். மூன்று நாள் சாப்பாடு போட்டாய், படுக்கை விரித்தாய், நூற்றுக்கணக்கான மைல் வண்டி ஓட்டினாய். அதற்கு நன்றி.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீயும் கேட்கவில்லை. என் நோய் கண்ணை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது. நடுவில் ஒரு துளை மிச்சம். சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பது போல. பக்கத்தில் இருக்கிற நாற்காலி தெரியாது, கை அருகே இருக்கிற கோப்பை தெரியாது. உன் சமையலறையில் இரண்டையும் கவிழ்த்தேன். கதவில் மோதினேன். நீ அதைப் பார்த்துவிட்டு, இவள் முழுக் குருடு என்று முடிவு கட்டிவிட்டாய். ஆனால் தூரத்தில் நிற்கிற மலை அந்தத் துளைக்குள் அப்படியே வந்து உட்காரும். ஒரு கிளையை எடுத்துக்கொண்டால் அதன் நுனி வரை பார்ப்பேன். நீ பொடி எழுத்தில் எழுதிய கடிதங்களும் எனக்கு வசதிதான், ஒரு வார்த்தை முழுசாகத் துளைக்குள் அடங்கிவிடும். மிஸஸ் ஒச்சோவாவிடம் கொடுத்தது "வா" என்று நீ எழுதுவாய் என்பதை நம்ப முடியாமல்தான்.

ஆக, விமானம் தாழ இறங்கியபோதே பார்த்துவிட்டேன். மலை முழுக்கச் சாம்பல் நிறம். குச்சி குச்சியாக மரங்கள். நம் ஊரில் இந்த நாட்களைக் குச்சிக் காலம் என்று சொல்வோமே, இலை கொட்டி முடிந்து பனி விழத் தொடங்குவதற்குள் யாருமே எட்டிப் பார்க்காத அந்த மூன்று நான்கு வாரம். அதற்குள் என்னை இறக்கினாய்.

முதலில் நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. காற்று அடித்து ஒரே இரவில் கொட்டிவிட்டிருக்கும், பாவம் இவள் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வண்டியில் ஏறினோம். நான் வாயைத் திறப்பதற்குள் நீ ஆரம்பித்தாய்.

"வலது பக்கம் பாரு ஆர்டித். மலை பூரா பத்திக்கிட்டு எரியுது."

நான் வலது பக்கம் பார்த்தேன். சாம்பல்.

"ரொம்பச் சிவப்பா?" என்றேன்.

"சிவப்பா? கண்ணு கூசுது. நானே பாதியில நிறுத்திப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்."

அப்போதுதான் புரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? எவ்வளவு தூரம் போவாய் என்று பார்க்கத் தோன்றியது. அதைவிட, ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள் நீ. இப்போது வாய் மூடாமல் என்னிடம் பேசினாய். ஏரிச் சாலையில் தெற்கிலிருந்து வடக்கே, நான் கேட்டபடியே. "இந்தப் பக்கச் சுவர்ல பிர்ச் மரம் எல்லாம் தங்கக் காசு தொங்கவிட்ட மாதிரி இருக்கு. தண்ணியில அப்படியே தலைகீழாத் தெரியுது. நடுவுல ஒரே ஒரு மேப்பிள், யாரோ கோவத்துல சிவப்பு மையைக் கொட்டின மாதிரி." எங்கிருந்து வந்தது உனக்கு இந்தப் பேச்செல்லாம்? மெரில் உயிரோடு இருந்தவரை சூப்பில் உப்பு போதுமா என்பதைத் தவிர நீ எதையும் வர்ணித்து நான் கேட்டதில்லை.

சாலையோரக் கடையில் டோநட் வாங்க நிறுத்தினாயே. அந்தக் கடைக்காரி என் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துவிட்டு, "இலை பார்க்கவா வந்தீங்க? அடக் கடவுளே, எல்லாம் கொட்டிப் போயி எத்தனை நாளாச்சு!" என்றாள். நீ சில்லறையைக்கூட வாங்காமல் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய்.

"என்ன சொல்றா அவ?" என்று கேட்டேன்.

"காது கேக்காத பொம்பளை. ஏதோ உளர்றா."

நான் தலையாட்டினேன். டோநட் நன்றாக இருந்தது.

நீ சொல்லாமல் விட்ட ஒரு நிறம் உண்டு. இரண்டாம் நாள் கணவாயிலிருந்து இறங்கி வரும்போது, சதுப்பு நிலத்தில் டமராக் மரங்கள் வரிசையாக மஞ்சள் பூத்து நின்றன. மற்ற எல்லா மரமும் மொட்டையான பிறகு ஊசியிலை பொன்னாகிற ஒரே மரம் அது. அன்றைக்கு அந்தக் காட்டில் உண்மையாக இருந்த ஒரே நிறம் அதுதான். நீ அந்தப் பக்கம் திரும்பாமல், வெறும் மொட்டைக் குன்றைக் காட்டிக் கருஞ்சிவப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். ஆகவே நான் ஏதும் பார்க்காமல் திரும்பவில்லை. உனக்கு அது வருத்தமாக இருக்கும்.

மூன்றாம் நாள் கோல்பி மலை. கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனாய். காலடியில் காய்ந்த இலை முழங்கால் வரை சலசலத்தது. "முதல்ல விழுந்தது கொஞ்சம் கீழ கிடக்கு" என்றாய். அந்தப் பாறை வந்தது. என்னை அதில் உட்கார வைத்தாய். அவன் உட்கார்ந்த அதே பக்கம். நான் மறந்திருப்பேன் என்றா நினைத்தாய்?

"நீ இங்கியே இரு. நான் உச்சிக்குப் போயிட்டு வந்துடறேன். வெளிச்சம் போறதுக்குள்ள பாத்துட்டு வரணும்."

வார்த்தைக்கு வார்த்தை. என் கடிதத்திலிருந்து எடுத்து வைத்திருந்தாய்.

போய்விட்டாய். நான் உட்கார்ந்திருந்தேன். வெயில் பாறையை விட்டு நகர்ந்தது. குளிர் எலும்புக்குள் ஏறியது. இருட்டப் போகிறது என்று தெரிந்தபோது நான் எழுந்தேன்.

இலை இருந்திருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன் வெர்னா. மொட்டைக் காடாக இருந்ததால் ஒரு மரத்தில் நின்று பார்த்தால் அடுத்த மரத்தின் நீலக் குறி துளைக்குள் தெரிந்தது. காலடி தெரியாது. அதனால் நடக்கவில்லை. குழந்தை படி இறங்குவது போல் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கினேன். குறி, அப்புறம் குறி. கையெல்லாம் கிழிந்தது. கீழே உன் வண்டி நின்றது. நம் ஊரில் யார் வண்டியைப் பூட்டுகிறார்கள்? ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகுதான் நீ பாறைக்குத் திரும்பி வந்திருக்கவேண்டும். உன் குரல் கேட்டது. "ஆர்டித்!" முதலில் எரிச்சலோடு. அப்புறம் எரிச்சல் போய்விட்டது. டார்ச் வெளிச்சம் மரங்களுக்கு நடுவே இங்கும் அங்கும் ஓடியது. பாதையை விட்டு விலகி, ஓடைப் பக்கம் போனது. விழுந்திருப்பாய், வெளிச்சம் ஒரு தடவை தரையோடு தரையாகக் கிடந்து எழுந்தது. "ஆர்டித்! குரல் குடுடி! தயவுசெஞ்சு குரல் குடு!"

ஹார்ன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அடிக்கவில்லை.

வெகு நேரம் கத்தினாய். குரல் உடைந்த பிறகு நீ என் பெயரைக் கூப்பிடவில்லை. "மெரில்" என்று கூப்பிட்டாய். "மெரில், எங்க இருக்க?" என்று கூப்பிட்டாய். அப்போதும் நான் அடிக்கவில்லை.

நீ வந்து கதவைத் திறந்து, உள்ளே என்னைப் பார்த்து நின்றாயே, அப்போது டார்ச் உன் முகத்துக்குக் கீழே இருந்தது. துளை நிறைய உன் முகம். "இலை ரொம்ப நல்லா இருந்துச்சு வெர்னா" என்றேன். உனக்குச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க வரவில்லை.

இப்போது என் பங்கு. இதை உனக்கு எழுதக்கூடாது என்று ஒன்பது வருஷமாக வைத்திருந்தேன். உன் மேல் இரக்கப்பட்டு. இப்போது அந்த இரக்கம் தீர்ந்துவிட்டது.

அந்த வருஷம் கோடையிலேயே மெரிலுக்கு இதயம் கெட்டுவிட்டது. மலை ஏறினால் திரும்பி வரமாட்டாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெரில் எனக்குச் சொன்னான். உனக்குச் சொல்லவில்லை. "வெர்னாகிட்ட மூச்சு விடாதடி ஆர்டி. தெரிஞ்சா சாகுற வரைக்கும் என்னை நாற்காலியில உட்கார வெச்சு மேல போர்வையைப் போத்திடுவா. அதுக்கு மலையே மேல்" என்றான். உன்னோடு உட்கார்ந்திருப்பதைவிட மலையில் சாவது மேல் என்று முடிவு செய்தது அவன்தான். அவனை நான் விட்டுவிட்டுப் போகவில்லை. அவன் உன்னை விட்டுவிட்டுப் போனான்.

நன்றியுடன்,
ஆர்டித்


ஈஸ்ட் பெல்மோர்
மார்ச் 12, 1987

ஆர்டித்,

மருத்துவர் கணக்குச் சரியாக இருந்தால் இந்தக் கடிதத்தை நீ படிக்கவில்லை. மிஸஸ் ஒச்சோவா படிக்கிறார். வணக்கம், மிஸஸ் ஒச்சோவா. கூச்சப்படாமல், எதையும் விடாமல், சத்தமாகப் படியுங்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கெட்ட அண்ணி இருப்பதை நீங்களும் தெரிந்துகொள்ளவேண்டும்.

குளிர்காலம் முழுக்கப் பேனாவைத் தொடவில்லை. இப்போது பனி உருகி வாசல் முழுக்கச் சேறு. வண்டி எடுக்க முடியாது. எழுத நேரம் இருக்கிறது.

மெரிலின் இதயம் பற்றி உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். அந்த டாக்டரின் மனைவி தேவாலயப் பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். அவளுக்கு வாய் நிற்காது. ஜூலையில் தெரிந்தது. மெரில் வந்து சொல்வார் என்று காத்திருந்தேன். சாப்பிடும்போது சொல்வார் என்று பார்த்தேன். விளக்கை அணைத்த பிறகு சொல்வார் என்று பார்த்தேன். ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. அந்தக் காலையில் அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"மலைக்குப் போய்த்தான் ஆகணுமா?"

"ஆர்டித் வந்திருக்காளே."

"உடம்பு முடியுமா?"

"எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன்."

சாண்ட்விச் கட்டிக் கொடுத்தேன். அவர் போய்விட்டார்.

அவர் செத்ததற்காக உன்னை வெறுப்பதாக நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன். உன்னிடம் சொன்னார் என்பதற்காகத்தான் வெறுக்கிறேன். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் குதிரை மாதிரி இருக்கிறேன் என்றார். உன்னிடம் உண்மையைச் சொன்னார். எனக்கு இதுவரை அது சந்தேகமாகத்தான் இருந்தது. உன் கடிதம் உறுதி செய்துவிட்டது. அவர் சொன்ன வார்த்தைகளையும் அனுப்பியிருக்கிறாய்.

பாறைக்குத் திரும்பி வருவதாகத்தான் இருந்தேன். நீ நம்பவேண்டியதில்லை.

இலை விஷயம். உச்சம் அக்டோபர் 4ஆம் தேதி. அன்று காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, நான் மட்டும் ஏரிச் சாலைக்குப் போனேன். தெற்கிலிருந்து வடக்கே. மூடுபனி தண்ணீர் மேல் படுத்திருந்தது. திருப்பத்தில் வண்டியை நிறுத்தினேன். சூரியன் கிழக்குச் சுவருக்குப் பின்னால் இருந்ததால் முதலில் எல்லாம் கறுப்பாகத்தான் இருந்தது. பிறகு மேற்குச் சுவரின் உச்சியில் ஒரு கோடு சிவந்தது. அந்தக் கோடு கீழே இறங்கியது. அது இறங்க இறங்க ஒவ்வொரு மரமாக விழித்தது. மேப்பிள் சிவப்பு ஒரே சிவப்பு அல்ல, ஆர்டித். ஒரு மரம் பழுத்த தக்காளி, அடுத்தது ஆறிப்போன காயம், அடுத்தது பெண் குழந்தையின் காது குளிரில் சிவப்பது போல. நடுவே பிர்ச் மரங்கள், தண்டு வெள்ளை, தலை மஞ்சள், ஒன்றும் அசையவில்லை. ஒரு காட்டுவாத்துக் கூட்டம் தெற்கே கத்திக்கொண்டு போனது. அவை கடந்த பிறகு வந்த அமைதியில் ஒரு இலை விழுகிற சத்தம் கேட்டது. ஒரு இலை. அது தண்ணீரைத் தொட்டதும், அதுவரை தலைகீழாக நின்ற மலை முழுவதும் ஒரு தடவை நடுங்கி மறுபடி நின்றது.

வெயில் சாலைக்கு வரும் வரை இருந்தேன். நீ இதைப் பார்க்கமாட்டாய் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அதனால் அது இன்னும் அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து உனக்குப் பாதிக்கு மேல் பச்சை என்று எழுதினேன்.

நீ கேட்டது இதுதான். இதோ, கொடுத்துவிட்டேன். இனி உனக்கு என்னிடம் வரவேண்டியது ஒன்றும் இல்லை.

வெர்னா


டூசான்
ஏப்ரல் 3

வெர்னா,

நான் சொல்லச் சொல்ல மிஸஸ் ஒச்சோவா எழுதுகிறார். எழுத்து அழகாக இருந்தால் அது அவருடையது.

மருத்துவர் கணக்குச் சரிதான். பிப்ரவரியில் துளை மூடிவிட்டது.

மெரில் விஷயம் உனக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னைக் குத்த வேறு எதையாவது தேடியிருப்பேன். ஆனால் ஒன்று. அவன் குதிரை மாதிரி இருக்கிறேன் என்றபோது நீ அவன் பூட்ஸைப் பிடுங்கி வெளியே எறிந்திருக்கலாம். நானும் செய்யவில்லை. நம் இரண்டு பேருக்கும் நடுவில் அவன் மாட்டிக்கொண்டு செத்தான். இதைப் பற்றி இனி எழுதாதே.

ஏரிச் சாலையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படிக்கும்போது மிஸஸ் ஒச்சோவா நிறுத்திவிட்டார். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். நான் மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார். மூன்றாவது தடவையும் கேட்டேன். படித்தார்.

"அந்த இலை விழுந்து மலை நடுங்குச்சாமே," என்றார். "நெஜமாத்தான் இருக்கும் மேடம். பொய்யா இருந்தா இப்படி எழுத வராது."

எனக்கும் நம்ப ஆசைதான். இனிமேல் வேறு எதுவும் பார்க்கப் போவதில்லை. அந்தக் காலை நேரத்தை வைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடலாம். கண்ணை மூடி ஒவ்வொரு மரமாக ஏற்றிப் பார்த்தேன். தக்காளி, காயம், குழந்தையின் காது. பாதி மலை வரை வந்தேன். அதற்கு மேல் உன் குரல்தான் கேட்டது, வண்டிக்குள், வலது பக்கம் பார் என்று.

மிஸஸ் ஒச்சோவாவிடம் சொன்னேன்: "உங்களுக்கு அவளைத் தெரியாது. மொட்டை மரத்தைக் காட்டி, இதைவிட நல்லாச் சொன்னா."

ஆர்டித்